மூன்றா, நான்கா? குக்கர் விசில் கணக்கு குறித்து ஓர் ஆராய்ச்சி

தமிழ் வீடுகளில் நாள்தோறும் எழுந்து, இதுவரை ஒருமுறைகூடத் தீராத வினா ஒன்று உண்டு: "இது மூணாவது விசிலா, நாலாவதா?" கடவுள் உண்டா, விதி பெரிதா என்பவற்றுக்கெல்லாம் நூல்கள் மலிந்து கிடக்கும் மொழியில் இதற்கென்று ஒரு சிறு பிரசுரம்கூட இல்லாதது பெருங்குறை. அக்குறை நீக்கவே இச்சிறு முயற்சி.

முதலில் ஆய்வுப் பொருளை வரையறுப்போம். குக்கர் என்பது டெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் 1679இல் லண்டனில், எலும்பையும் மெத்தென்று வேகவைக்கச் செய்துகாட்டிய ஆவிக் கலத்தின் வழித்தோன்றல். கலம் வெடிக்காமலிருக்க அவர் ஒரு வால்வு வைத்தார். நாம் அந்த இடத்தில் வெயிட்டைப் போட்டு, அது கத்துவதை எண்ணத் தொடங்கினோம். எண்ணும் வேலை நமக்கு வந்த அன்றே மறக்கும் வேலையும் வந்துவிட்டது.

இனிச் சூத்திரம்: எண்ணப் புகுந்தார் மறப்பர், மறவார் எண்ணப் புகார்.

உரை வருமாறு. விசில் தகராறு எப்போதும் அடுத்தடுத்த எண்களுக்குள்தான் நடக்கும். இரண்டா ஆறா என்று சண்டை போட்ட குடும்பம் இல்லை. மூன்று என்பது மாமியார் பாடம். நான்கு என்பது மருமகள் பாடம். ஹாலில் பேப்பர் படிப்பவர் "இப்பதானே ஒண்ணு வந்துச்சு" என்பதோடு நிறுத்திக்கொள்வதால், அவருடையது முன்னும் பின்னும் ஏடு உதிர்ந்த பிரதி. அடுக்குமாடிக் குடியிருப்பாக இருந்துவிட்டால் எதிர்வீட்டுக் குக்கரின் விசிலும் நம் கணக்கில் ஏறும். இதனை இடைச்செருகல் எனக் கொள்க. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது ஒப்புநோக்கச் சுவடிகளாவது கையில் இருந்தன. இங்கே மூலமே ஆவியாகிப் போகிறது.

இந்த மறதிக்கு வயதுதான் காரணம் என்பாரும் உளர். அது பொருந்தாது, லீவுக்கு வந்திருக்கும் கல்லூரிப் பிள்ளையிடம் கேட்டாலும் அதே விழிப்புத்தான். வல்லாரை சாப்பிட்டால் சரியாகும் என்பார் பிறர். அக்கொள்கையில் உள்ள இடர்ப்பாட்டை நேரிலேயே காணலாம். வல்லாரைத் துவையல் மிக்ஸியில் அரைபடும்போதுதான் இரண்டாவது விசில் காதில் விழாமல் போகிறது. காதில் விழாததை மறந்துவிட்டதாகச் சொல்வதும் நியாயமன்று. நாம் மறதி என்று பழி போடுவதில் பாதி, உள்ளேயே போகாத சரக்கு. போட்டால்தானே எடுப்பதற்கு?

உள்ளே போனது ஏன் தங்குவதில்லை என்பது அடுத்த ஐயம். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தாமே உருப்போட்டு, தாமே மறந்து, அந்தக் கணக்கை 1885இல் நூலாக வெளியிட்டார். ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் போய்விடுகிறது, பிறகு மறதியின் வேகம் குறைகிறது என்பது அவர் கண்டது. அடுப்படியில் ஒரு மணி நேரம் யாருக்கு வாய்க்கிறது? நமக்கு நெருக்கமான சோதனை, அமெரிக்காவில் பீட்டர்சன் தம்பதியர் 1959இல் செய்தது. மூன்று எழுத்துகளைச் சொல்லிவிட்டு, மனம் அவற்றைத் திரும்பச் சொல்லிக்கொள்ளாதபடி, ஓர் எண்ணிலிருந்து மும்மூன்றாகக் குறைத்துக்கொண்டே வரச் சொன்னார்கள். 18 விநாடிக்குள் பெரும்பாலோர்க்கு அந்த மூன்று எழுத்தும் போய்விட்டது. இரண்டு விசில்களுக்கு நடுவே எவ்வளவு நேரம் என்பதையும், அந்த நேரத்தில் ஒரு வீட்டில் என்னென்ன நடக்கும் என்பதையும் வாசகரே கணித்துக்கொள்க.

ஆலன் பேட்லியும் கிரஹாம் ஹிட்சும் 1974இல் எழுதியது இதை இன்னும் தெளிவாக்குகிறது. கைவேலைக்குத் தேவையான சின்னச் சின்னத் தகவலை மனம் தனக்குள் முணுமுணுத்துக்கொண்டே இருந்துதான் பிடித்துவைக்கிறது. "மூணு... மூணு..." என்று உதட்டுக்குள் ஓட்டிக்கொண்டிருக்கும்வரை கணக்கு பத்திரம். அப்போது ஹாலிலிருந்து, "ஓடிபி வந்திருக்கா பாரு, சொல்லு!" என்று ஒரு குரல் வரும். நாலு, ஏழு, ஒண்ணு, ஒண்ணு, எட்டு, ரெண்டு என்று ஆறு எண்களை வாய்விட்டுப் படித்து முடித்தபின் அந்த மூன்று எங்கே இருக்கும்? எண்ணை அழிக்க எண்ணைப்போல வேறெதுவும் இல்லை.

நேற்றைய விசிலும் ஒரு பகை. முன்பு கற்றது பின்பு கற்றதைக் குழப்பும் என்பதையும், மறதியில் பெரும்பங்கு அதற்குத்தான் என்பதையும் பெண்டன் அண்டர்வுட் 1957இல் எடுத்துக்காட்டினார். ஒரே அடுப்பு, ஒரே குக்கர், ஒரே துவரம் பருப்பு, ஒரே காலை ஏழரை மணி. இன்றைய மூன்றாவது விசிலை நேற்றைய மூன்றாவதிலிருந்து பிரித்துக்காட்ட அதன்மேல் தேதி முத்திரை எதுவும் இல்லை. கேஸ் தீர்ந்துபோன அன்றைக்கு மட்டும் எத்தனை விசில் வந்தது என்று எல்லோருக்கும் துல்லியமாக நினைவிருக்கும்.

எல்லாவற்றிலும் நுட்பமானது குளிக்கப் போகும்போது சொல்லிவிட்டுப் போகும் வாக்கியம்: "நாலு விசில் வந்ததும் அணைச்சிடுங்க." மனத்தில் நினைத்ததும் வெளியே நடந்ததும் நினைவில் ஒன்றோடொன்று கலக்கும் விதத்தை மார்சியா ஜான்சன், கரோல் ரே இருவரும் 1981இல் விரிவாக எழுதினர். நம் வீட்டுக்கு அதைப் பொருத்தினால், கேட்டவர் மனத்தில் நாலு என்ற எண் முதலிலேயே உட்கார்ந்துவிடுகிறது. பிறகு எத்தனை வந்தாலும் நாலு வந்ததாகவே தோன்றும். திரும்பி வந்து கேட்டால், "நாலு வந்துச்சும்மா, அணைச்சிட்டேன்" என்பார், குரலில் சந்தேகமே இராது. திறந்தால் பருப்பு பாசிமணிபோல் உருளும். அவர் பொய் சொல்லவில்லை. தன் நினைவை நம்பினார், அவ்வளவுதான். சண்டை தொடங்குமுன் இந்த இடத்தை இருதரப்பும் ஒருமுறை படித்துக்கொள்வது நல்லது.

மனிதரால் ஆகவே ஆகாதா என்றால், ஆகும். அவதானக் கலையில் முதுகில் எறியும் கற்களை எண்ணிக்கொண்டே, கேட்கும் கேள்விக்கெல்லாம் விடை சொல்லி, கடைசியில் கல்லின் தொகையையும் சொல்வார்கள். நாஞ்சில் நாட்டு இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா ஹாலில் சதாவதானமே செய்தார். ஆனால் அவையோர் மேடைக்கெதிரே அமர்ந்து கேட்டனர். காலை நேரத்து அடுப்படியில் அவையோர் நான்கு அறைகளிலிருந்து கத்துகிறார்கள். ஒருவருக்கு சாக்ஸ் காணவில்லை, ஒருவருக்குக் காபியில் சர்க்கரை இல்லை, வாசலில் குப்பை வண்டி. இதற்கு நடுவே விசிலையும் எண்ணிச் சரியாகச் சொல்லும் பெண்மணிக்கு எந்த மன்றமும் பட்டம் தருவதில்லை.

இவ்வளவு பாடுபட்டு எண்ணுவது எதை என்றால் அதுவும் உருப்படியான அளவு இல்லை. உள்ளே நீர் 120 டிகிரி வாக்கில் நிற்கும். பருப்பு வேகுவது அந்தச் சூட்டில் அது கிடக்கும் நேரத்தைப் பொறுத்தது. தீயைப் பெரிதாக வைத்தால் நாலு விசில் மளமளவென்று வரும், சிறிதாக வைத்தால் ஒன்றுக்கே காத்திருக்க வேண்டும். கேஸ்கட் தளர்ந்திருந்தால் வரவே வராது. குக்கரோடு வரும் கையேட்டில் நிமிடக் கணக்குத்தான் இருக்கிறது. அந்தக் கையேடு எங்கே என்று கேட்டால் அது வேறு ஆராய்ச்சி.

நிமிடத்துக்கு மாற மனமில்லாதவர்கள் நினைவை நம்ப வேண்டாம். தயிர்க்காரர் சுவரில் சுண்ணாம்புப் புள்ளி வைத்துத்தான் மாதக் கணக்கு பார்த்தார். அடுப்புப் பக்கத்தில் நாலு சின்ன வெங்காயத்தை வையுங்கள். விசிலுக்கு ஒன்றாக உரியுங்கள். நாலும் உரிந்ததும் அடுப்பை அணையுங்கள். வெங்காயத்தைச் சாம்பாரில் போட்டுவிடலாம்.