பெயின்ட்டா, பாரமா?

கேள்வி: வீட்டுப் பட்டறைக்குப் புது மினி லேத் வாங்கவா, பழைய பெரிய லேத் வாங்கவா?

பதில்: பழையதையே வாங்குங்கள். லேத் வாங்கப் போகிறவர் பெயின்ட்டைப் பார்க்கக் கூடாது, எடையைப் பார்க்க வேண்டும். டூல் இரும்பை வெட்டும்போது இரும்பும் டூலைத் திருப்பித் தள்ளுகிறது. அந்தத் தள்ளலுக்கு நெளியாமல் நிற்பதுதான் லேத்தின் முதல் வேலை. 40 கிலோ மேஜை லேத்தில் பார்ட்டிங் டூலைக் கொடுத்துப் பாருங்கள், கிடுகிடுவென்று அதிரும், வெட்டிய முகத்தில் அலை அலையாகக் கோடு விழும். அரை டன் வார்ப்பிரும்பு அதே வெட்டை முனகாமல் வாங்கிக்கொள்ளும். பித்தளை, அலுமினியத்தோடு நிறுத்திக்கொள்பவருக்கும் மாடியில் குடியிருப்பவருக்கும் மினி லேத் சரி.

பழசு தேய்ந்திருக்குமே என்ற பயம் நியாயமானது. ஆனால் தேய்மானத்தை வாங்கும் முன்பே கண்டுபிடித்துவிடலாம். சக்கை ஒட்டிய பகுதியில்தான் பெட் அதிகம் தேயும், வேலை அங்கேதானே நடக்கிறது! அங்கே கேரேஜ் லாக்கை லேசாக இறுக்கிவிட்டு டெயில்ஸ்டாக் பக்கம் நகர்த்துங்கள். போகப் போகப் பிடித்துக்கொண்டால் தேய்மானம் உண்டு, விலையைக் குறைத்துக் கேளுங்கள். சக் மீது டயல் கேஜை வைத்து, கம்பியால் மேலே நெம்புங்கள். முள் தாராளமாக ஆடினால் பேரிங் செலவு காத்திருக்கிறது. த்ரீ ஃபேஸ் மோட்டாரா? வி.எஃப்.டி. போட்டால் வீட்டு சிங்கிள் ஃபேஸிலேயே ஓடும், வேகத்தையும் கூட்டிக் குறைக்கலாம். 230 வோல்ட் டெல்டா இணைப்புக்கு மோட்டார் இடம் தருகிறதா என்று மட்டும் அதன் தகட்டைப் படித்துவிடுங்கள். மரை வெட்டும் பல்சக்கர செட் முழுசாக இருக்கிறதா என்பதையும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எண்ணிப் பாருங்கள்.