குடிக்கத் தனி, புழங்கத் தனி

சென்னையில் எண்பதுகளிலோ தொண்ணூறுகளிலோ வளர்ந்தவர்களுக்குக் கோடை என்றதும் மாம்பழத்துக்கும் முன்னால் நினைவுக்கு வருவது வண்ண வண்ணமான பிளாஸ்டிக் குடங்களாகத்தான் இருக்கும். பச்சைக் குடம் மாடி வீட்டுக்காரருடையது, மூடி உடைந்த நீலம் எங்களுடையது என்று தெருவுக்கே தெரியும். நள்ளிரவில் "அக்கா, லாரி வந்துடுச்சு!" என்று யாரோ குரல் கொடுத்தால், அரைத் தூக்கத்தில் நானும் அம்மாவின் பின்னால் ஓடுவேன். வரிசையில் நின்றபடியே அங்கே கல்யாணப் பேச்சுகூட நடக்கும்.

வீட்டுக்குள் தண்ணீர் இரண்டு சாதி. புழங்குகிற தண்ணீர் சிமென்ட் தொட்டியில். குடிக்கிற தண்ணீர் பித்தளைத் தவலையில், வாயில் பழைய வேட்டித் துணி கட்டி. "குடிக்கிற குடத்துல கைய விடாதேடா" என்று அம்மா சொன்னால் அதற்கு மறுபேச்சு இல்லை, நீளக் காம்பு வைத்த கரண்டியால்தான் மொள்ள வேண்டும். அண்ணாந்து குடித்ததால் ஒரே டம்ளர் எல்லோருக்கும் போதும், ஒவ்வொரு தடவையும் கழுவ வேண்டியதில்லை. லாரித் தண்ணீர் கலங்கி வந்தால் பானையின் உட்பக்கம் தேற்றான்கொட்டையை நன்றாகத் தேய்த்து வைப்பார்கள். விடிவதற்குள் மண் அடியில் படிந்து, மேலே தெளிந்து நிற்கும். அந்த அடித் தண்ணீரையும் கொட்டிவிட மாட்டார்கள், துளசிக்குப் போகும். அரிசி களைந்த முதல் தண்ணீர் எதிர்வீட்டு மாட்டுக்கு, இரண்டாவது குழம்புக்குப் புளி கரைக்க, கீரை அலசியது கறிவேப்பிலைச் செடிக்கு.

மணல் பரப்பி அதன்மேல் உட்காரவைத்த மண்பானையில் வெட்டிவேர் போட்ட தண்ணீரை, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, சட்டையெல்லாம் நனைய நின்ற சுகம் இன்றைய குளிர்பதனப் பெட்டி பாட்டிலில் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆனாலும் அந்தக் காலம் திரும்பி வரட்டும் என்று கேட்க எனக்கு மனம் வராது. குடத்தின் விளிம்பு அழுத்தி அழுத்தி அம்மாவின் இடுப்பில் கறுத்துப்போயிருந்த தழும்பைப் பார்த்தவன் நான். 1996இல் கிருஷ்ணா நீர் பூண்டி ஏரிக்கு வந்தது, 2004இல் வீராணத்து நீர் வந்தது, 2010இல் மீஞ்சூரில் கடல்நீரைக் குடிநீராக்கினார்கள், குடம் மெல்ல மெல்ல இடுப்பிலிருந்து இறங்கியது. நல்லதுதான். 2003இல் வீட்டுக்கு வீடு மழைநீர்த் தொட்டி கட்டாயமானது, அந்தக் கட்டாயத்தால் கிணறுகள் ஊறியதை எங்கள் தெருவே பார்த்தது. பிறகு அந்தத் தொட்டிகளில் எத்தனையோ குப்பை அடைத்துக் கிடந்தன. 2019 கோடையில் புழல், சோழவரம், பூண்டி, செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்து இறங்கியபோது, பரணிலிருந்த குடங்களை மறுபடி இறக்கினோம். மழை பெய்ததும் குடங்கள் பரணுக்கே போயின, கூடவே தண்ணீரைப் பார்த்துப் பார்த்துப் புழங்கும் பழக்கமும்.

இப்போது சமையலறைச் சுவரில் ஆர்.ஓ. பெட்டி நீலவிளக்கோடு நிற்கிறது. திறந்தால் தெளிந்த தண்ணீர், காத்திருப்பும் இல்லை, கலங்கலும் இல்லை. ஆனால் ஒரு லிட்டர் குடிநீர் தருவதற்குள் பெரும்பாலான பெட்டிகள் இரண்டு மூன்று லிட்டரைப் பின்பக்கத்து மெல்லிய குழாய் வழியே சாக்கடைக்கு அனுப்பிவிடுகின்றன. அரிசி களைந்த தண்ணீருக்கு அன்று இருந்த மரியாதை இன்று குடிநீருக்கே இல்லை என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கழிப்பறைத் தொட்டியிலும் குழாயில் வரும் குடிநீர்தான் நிரம்புகிறது. புழங்கும் தண்ணீர் என்ற சாதியே வீட்டிலிருந்து மறைந்துவிட்டது.

அதை மீட்க, முதலில் உங்கள் வீட்டுத் தண்ணீரின் உப்பு அளவைச் சோதித்துப் பாருங்கள். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் அங்கே ஆர்.ஓ. தேவையில்லை என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இலேயே சொல்லிவிட்டது. அதற்கு மேல் இருந்து, பெட்டி வேண்டும் என்றால், அந்த மெல்லிய குழாயை இன்றே எடுத்து ஒரு வாளிக்குள் விடுங்கள். உப்பு கூடியிருக்கும் என்பதால் செடிக்குத் தொடர்ந்து ஊற்ற வேண்டாம். வீடு துடைக்கவும் கழிப்பறைக்கும் தாராளமாகப் போதும்.