புளோக்குக்குக் கீழே ஓர் அரசாங்கம்

சிங்கப்பூரில் தேக்கா பஃபலோ ரோடானாலும் சரி, ஈசூன் ஆனாலும் சரி, வீடமைப்பு வளர்ச்சிக் கழகப் பேட்டைக்குள் போனால் ஏதாவதொரு புளோக்கின் கீழ்த்தளத்தில் வசிப்போர் குழுவின் அறை தென்படும். 1978இல் தொடங்கிய ஏற்பாடு. தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாரும் உண்டு. நமக்கு வாக்குச்சீட்டுதான் கிடையாது. நியமிப்பது மக்கள் கழகம். அந்தக் கழகத்துக்குத் தலைவர் சாட்சாத் பிரதமர். ஆக, தீபாவளி விருந்துக்கு முறுக்கு எத்தனை பாக்கெட் என்பது பிரதமருக்குச் சில படிகள் கீழேதான் முடிவாகிறது.

மின்தூக்கி நின்றுபோனால் இந்தக் குழுவின் கதவைத் தட்டிப் பயனில்லை. அது நகர மன்றத்தின் பாடு. அதை நடத்துபவர் நாம் தேர்ந்தெடுத்த நாடாளுமன்ற உறுப்பினர். குழுவுக்கு வழிகாட்டுபவரோ ஆலோசகர் ஒருவர். ஆளுங்கட்சித் தொகுதியில் இரண்டும் ஒரே முகம், தொல்லையில்லை. ஹவ்காங் தொகுதியிலோ 1991 முதல் ஜெயிப்பது எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சி. ஆலோசகரோ ஆளும் மக்கள் செயல் கட்சிக்காரர், பெரும்பாலும் அங்கேயே தோற்றவர். அரசாங்கத் திட்டங்களை மக்களிடம் கொண்டுசேர்ப்பதுதான் ஆலோசகர் வேலை, எதிர்க்கட்சிக்காரரிடம் அதை எதிர்பார்க்கலாமா என்பது அரசாங்கத்தின் விளக்கம். நியாயம்தானே! தேர்தலில் தோற்றாலும் ரிப்பன் வெட்டும் கத்தரிக்கோல் கைவிட்டுப் போகாத ஊர் வேறெங்கே இருக்கிறது?