காற்றுக்கலையும் நீர்க்கலையும்: பழைய ஸ்போர்ட்ஸ் கார் மயக்கம் குறித்த ஓர் ஆய்வு

ஸ்போர்ட்ஸ் கார் என்பது இருவர் நெருக்கி உட்காரவும், மூன்றாமவர் வந்தால் மன்னிப்புக் கேட்கவும் வடிவமைக்கப்பட்ட ஊர்தி. பழையது, புதியது என அது இருவகைப்படும். புதியது பொத்தானைத் தொட்டதும் கிளம்பும், மழையில் ஒழுகாது, போன இடத்திலிருந்து திரும்பியும் வரும். பழையதிடம் இம்மூன்றையும் சேர்த்து எதிர்பார்ப்பது பேராசை. இருந்தும் ஏலக்கூடத்தில் கை உயர்வது பழையதற்குத்தான். 1955-இல் செய்யப்பட்ட மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.ஆர். கூப்பே ஒன்று 2022-இல் 13.5 கோடி யூரோவுக்கு விலைபோனது. அந்தத் தொகையில் ஒரு சிற்றூருக்கே புது மெர்சிடிஸ் வாங்கித் தரலாம். இந்த முரண்பாட்டை விளக்குவதே கட்டுரையின் நோக்கம்.

‘பழையது’ எது என்பதில் நாடுகளிடையே கருத்து வேற்றுமை உண்டு. தன் பாதுகாப்பு விதிகளுக்கு அடங்காத அயல்நாட்டு வண்டிக்கு 25 வயது ஆனபிறகே அமெரிக்கா கதவைத் திறக்கிறது. 1989-இல் ஜப்பானில் பிறந்த நிஸான் ஸ்கைலைன் ஜி.டி.-ஆர். 2014 வரை வாசலில் காத்துக்கிடந்தது இதனால்தான். ஜெர்மனி 30 வயது நிரம்பி, பிறந்தபோதிருந்த உருவம் குலையாத வண்டிக்கு எண் பலகையின் கடைசியில் ‘எச்’ என்ற எழுத்தைச் சூட்டிக் கௌரவிக்கிறது. இந்த ஏற்பாடு 1997-இல் வந்தது. அந்த ஆண்டை வாசகர் நினைவில் வைப்பது நல்லது. பிரிட்டனில் 40 வயதானால் சாலை வரி கிடையாது. இந்தியா எல்லோரையும்விட நிதானம்: 2021-இல் வந்த விதிப்படி 50 வயது கடந்தால்தான் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு பழம்பெரும் வண்டி என்ற பதிவு கிடைக்கும். அதே இந்தியாவின் தலைநகர் வட்டாரத்தில் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டி ஓடக்கூடாது என்ற தடையை 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஆகவே அந்தத் தீர்ப்பின்படி தில்லி வண்டி 15 வயதில் குற்றவாளி, 50 வயதில் தியாகி. இடைப்பட்ட 35 ஆண்டு வனவாசத்தை அது எங்கே கழிக்க வேண்டும் என்பதற்குத் தெளிவான விடை இல்லை. பாண்டவர்களுக்கே பதின்மூன்றுதான்.

வரையறை முடிந்தது. சோதனைப் பொருளுக்கு வரலாம். இத்துறையில் போர்ஷே 911-ஐவிட வாகான பொருள் கிடையாது. மற்ற கார்கள் தலைமுறைதோறும் முகத்தை மாற்றிக்கொள்ள, இது மட்டும் 60 ஆண்டுக்கு மேலாக ஒரே முகவெட்டோடு, எஞ்சினைப் பின்சக்கரங்களுக்கும் அப்பால் தொங்கவிட்டபடி வருகிறது. தாத்தாவையும் பேரனையும் பக்கத்தில் நிறுத்தி அளக்க முடிவது இதில்தான். தாத்தா 1963-இல் ஃபிராங்ஃபர்ட் கண்காட்சியில் 901 என்ற பெயரில் தலைகாட்டினார். நடுவில் சுழியம் வைத்த மூன்றிலக்கப் பெயர்கள் தனக்கே உரியவை என்று பிரான்சின் பெஜோ நிறுவனம் ஆட்சேபித்ததால், சுழியம் போய் ஒன்று வந்தது. எண்ணைத் திருத்தினால் யோகம் வரும் என்ற நம்பிக்கைக்கு ஐரோப்பாவிலிருந்து கிடைக்கும் ஒரே வலுவான சான்று இது.

தாத்தாவின் எஞ்சின் 1,991 சி.சி., ஆற்றல் 130 குதிரைத்திறன், எடை 1,080 கிலோ. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டரை எட்ட ஒன்பது வினாடி எடுத்துக்கொண்டார். பேரனின் எடை சுமார் 1,500 கிலோ. ஆனாலும் நான்கு வினாடியும் கொசுறுமாக அதே வேகத்தை எட்டிவிடுகிறான். பிரேக், வெளிச்சம், ஏசி, பாதுகாப்பு எதை எடுத்தாலும் பேரனே முதல். நன்றாகப் பேணப்பட்ட ஆரம்பகால 911-ஐ விலை கேட்டுப் பார்த்தவர் மட்டும் இந்த மதிப்பெண் பட்டியலைக் கிழித்துப் போட்டுவிடுவார்.

911 வரலாற்றின் பெரும் சமயப் பிளவு இங்கே சொல்லப்பட வேண்டும். 1998 வரை இதன் எஞ்சினைக் குளிர்வித்தது காற்று. பெரிய விசிறி ஒன்று ஊதிக்கொண்டே இருக்கும். ரேடியேட்டர், தண்ணீர், தண்ணீர்க் குழாய் எதுவும் கிடையாது. சிலிண்டருக்கு நான்கு வால்வு வைத்தால் கிளம்பும் சூடும், வருடா வருடம் இறுகிய புகை விதிகளும் ஓசை விதிகளும் சேர்ந்து இந்த முறைக்கு முடிவு கட்டின. 1997-இல் வந்த 996 தலைமுறை தண்ணீரை ஏற்றது. அன்றோடு அடியார் கூட்டம் காற்றுக்கலை, நீர்க்கலை என இரண்டானது. கோயில் யானைக்கு எந்த நாமம் சாத்துவது என்ற காஞ்சிபுரத்துச் சர்ச்சையை அறிந்தவருக்கு இதன் தீவிரத்தை விளக்க வேண்டியதில்லை.

குளிர்விப்பு முறையின் நுட்பம் எல்லோருக்கும் புரியாது. புரியாதவரும் வெறுப்பில் கலந்துகொள்ள ஏற்ற ஒன்றை 996-இன் முகமே வழங்கியது. அதன் முன்விளக்கும் மஞ்சள் இண்டிகேட்டரும் ஒரே கண்ணாடிக்குள் கலந்து, கீழே வழிந்து நின்றன. ஐரோப்பாவில் இதற்குப் ‘பொரித்த முட்டை’ என்று பெயர். தமிழ்நாட்டு முட்டைக்கடையில் இதையே ‘ஆஃபாயில்’ என்பர். காற்றுக்கலையார் எஞ்சினைப் பற்றிப் பேசத் தொடங்கி ஆஃபாயிலில்தான் முடிப்பர்.

மயக்கத்தின் காரணத்தைத் தேடத் தொல்காப்பியமே போதும். மெய்ப்பாட்டியல் எட்டு உணர்வுகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் தோன்ற நான்கு நிலைக்களன் காட்டுகிறது. புதிய ஸ்போர்ட்ஸ் காரை இந்த எட்டில் வைத்துப் பார்த்தால், அது தருவது பெரும்பாலும் மருட்கை, அதாவது வியப்பு ஒன்றே. வியப்புக்குச் சொல்லப்பட்ட நிலைக்களன்களில் முதலாவது புதுமை. அடுத்த மாடல் கடைக்கு வரும் நாளில் அது இடிந்துவிழும். பழைய வண்டியோ எட்டையும் தரும். அதிர்ஷ்டம் இருந்தால் ஒரே பயணத்தில்.

அச்சத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆரம்பகால 911-இல் பாரமெல்லாம் பின்னால். வளைவில் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், வண்டியின் பின்பாதி முன்பாதியை முந்தப் பார்க்கும். இதற்கு நிறுவனம் கண்ட முதல் மருந்து, முன் பம்பரின் இரு முனைகளிலும் இரும்புக் கட்டிகளைச் சொருகியது. உலகப் புகழ்பெற்ற ஜெர்மன் பொறியியல், தராசுக் கடைக்காரரின் கைப்பழக்கத்தைக் கையாண்ட அரிய தருணம் இது. பின்னர் 1969-ஆம் ஆண்டு மாடலில் சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தை 57 மில்லிமீட்டர் நீட்டினார்கள். 1975-இல் வந்த டர்போவுக்கோ 260 குதிரைத்திறன். ஆற்றல் முதலில் வராமல் தாமதித்து, பிறகு மொத்தமாக வந்து சேரும். ஓட்டுநரின் மனைவியைக் கைம்பெண்ணாக்குவது என்ற பொருளில் அதற்கு ஒரு பட்டப்பெயரும் உண்டு. அந்தப் பெயரால் விலை குறையும் என்று காத்திருந்தவர்கள் இன்னமும் காத்திருக்கிறார்கள்.

நகைக்கு இங்கிலாந்து போக வேண்டும். அபிங்டன் ஊரில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட எம்.ஜி.பி. காரின் மின்சாதனங்கள் லூகாஸ் நிறுவனத்தவை. அந்நிறுவனத்தைத் தொடங்கிய ஜோசஃப் லூகாஸுக்கு ‘இருளின் இளவரசர்’ என்ற விருதை வண்டிக்காரர்களே அளித்தார்கள். லூகாஸ் விளக்கு ஸ்விட்சுக்கு மூன்று நிலை என்பது அங்கே பழைய நகைச்சுவை: மங்கல், மினுக்கல், அணைதல். இளிவரலுக்குத் தொல்காப்பியம் தரும் நிலைக்களன்கள் மூப்பும் பிணியும் உள்ளிட்டவை. பானெட்டைத் திறந்துவைத்து சாலையோரம் நிற்பவரைப் பேருந்துக்காரர்கள் எட்டிப் பார்க்கும்போது இரண்டும் ஒருசேர அமையும். அழுகைக்கு வறுமை ஒரு நிலைக்களன். மெக்கானிக்கின் பில் வந்தபின் இதற்கு உரை தேவையில்லை. வெகுளிக்கு உறுப்பறை, அதாவது உறுப்பைக் குறைத்தல். பிறந்தநாள் முதல் இருந்த ஒரு திருகை அதே மெக்கானிக் தொலைத்துவிட்டு வேறொன்றை மாட்டினால் இது பிறக்கும். பெருமிதத்தைப் பற்றி உரிமையாளரிடமே கேட்கலாம். மாலைவரை நேரம் இருந்தால்.

இந்த எட்டுக்கும் வேர் ஒன்றே: பழைய வண்டிக்கு ஆள் வேண்டும். குளிரில் சோக்கை இழுக்க, கார்பரேட்டரைத் திருக, சத்தம் மாறியதைக் காதால் பிடிக்க ஆள் வேண்டும். காற்றுக்கலை 911-இல் எண்ணெய் அளவு பார்ப்பதே ஒரு நித்திய பூஜை. எஞ்சின் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும். தரை சமமாக இருக்க வேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளவுகோலை உருவிப் பார்க்க வேண்டும். நிறுத்திவிட்டுப் பார்த்தால் பலன் இல்லை. புதிய வண்டி தன் எண்ணெயைத் தானே பார்த்துக்கொள்கிறது. உரிமையாளரிடம் அது எதிர்பார்ப்பது மாதத் தவணை ஒன்றைத்தான். தன்னால் ஆகவேண்டிய காரியம் ஏதுமில்லாத வீட்டில் யாருக்கும் இருப்புக் கொள்வதில்லை. மகன் வீட்டில் தங்கப்போன தந்தையர் இதைச் சொல்லாமலே ஒரு வாரத்தில் ஊர் திரும்புவர்.

குரலிலும் வேறுபாடு உண்டு. எம்.கே. தியாகராஜ பாகவதர் தம் பாட்டைத் தாமே பாடி நடித்தார். பிற்பாடு பாடுபவர் ஒருவர், வாயசைப்பவர் வேறொருவர் என்றானது. காரும் அவ்வழியே வந்திருக்கிறது. 2011-இல் வந்த பி.எம்.டபிள்யூ. எம்5 எஞ்சினின் சுழற்சிக்கு ஏற்ற ஒலியை ஸ்பீக்கர் வழியே உள்ளே சேர்த்துக் கொடுத்தது. பின்னணி பாடும் கலையைக் குறைகூற இங்கே இடமில்லை. ஆனால் எஞ்சின் கண்ணுக்குமுன் இருக்கும்போதே அதற்குப் பின்னணி பாடுவது புதுமை.

பழையதன் உடல், உயிர் பற்றிய சிக்கல் தத்துவத்துறைக்கு உரியது. உடல் துருப்பிடித்துப் போன எம்.ஜி.பி.க்கு, பழைய அச்சுக் கருவிகளைக் கொண்டே 1988 முதல் புத்தம்புது உடற்கூடு செய்து தருகிறார்கள். எஞ்சினையும் பதிவெண்ணையும் அதில் ஏற்றினால் வண்டி பழையதாகவே கருதப்படும். சித்தர்கள் இதைக் கூடுவிட்டுக் கூடு பாய்தல் என்றார்கள். கலிஃபோர்னியாவின் சிங்கர் நிறுவனம் ஒரு படி மேலே போகிறது. வாடிக்கையாளர் கொண்டுவரும் 1990 வாக்கிலான 911-ஐப் பிரித்து, உள்ளே புதிய நுட்பத்தைப் புகுத்தி, வெளியே அதைவிட இருபது ஆண்டு மூத்த தோற்றம் தந்து அனுப்புகிறது. உலகெங்கும் நரையை மறைக்கப் பணம் கொடுப்பவர்கள் நடுவே, நரைக்கவைக்கப் பணம் கொடுக்கும் கூட்டம் இது.

இவ்வாராய்ச்சிக்குத் தமிழ்த் தொடர்பும் உண்டு. வலிந்து கொண்டுவந்தது அன்று. 1962-இல் வந்த பிரிட்டிஷ் டிரயம்ஃப் ஸ்பிட்ஃபயர், டிரயம்ஃப் ஹெரால்டின் சட்டத்தைக் குறுக்கி அதன்மேல் கட்டப்பட்டது. இரண்டையும் வரைந்தவர் இத்தாலியரான ஜோவான்னி மிக்கெலோட்டி. அந்த ஹெரால்டுதான் 1961 முதல் மதராஸில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டாகத் தயாரானது. ஆகவே டாக்டர் வீட்டு வாசலில் நின்ற அந்த அடக்கமான வண்டி, சீமையில் கூரையைக் கழற்றிவிட்டுத் திரிந்த ஸ்பிட்ஃபயருக்கு உடன்பிறப்பு. முன்பக்கம் முழுவதும் முதலை வாய்போல ஒரே துண்டாகத் திறப்பது இருவருக்கும் குலவழக்கம். சோழவரத்தில், போர்க்கால விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் ஹெரால்டுகளும் ஓடின. குருதிப் பாசம் என்று இதைக் கொள்ளலாம்.

இக்கொள்கைக்கு ஓர் எதிர்வாதம் உண்டு. 1989-இல் சிகாகோ கண்காட்சிக்கு ஜப்பானின் மாஸ்தா கொண்டுவந்த எம்.எக்ஸ்-5, லோட்டஸ் எலான் போன்ற 1960-களின் பிரிட்டிஷ் வண்டிகளின் இன்பத்தை ஒழுகலும் இருட்டும் இல்லாமல் தந்தது. 2016-க்குள் பத்து லட்சம் செய்யப்பட்டன. துன்பம் இல்லாமலே இன்பம் கிடைக்குமானால் மெய்ப்பாட்டுக் கொள்கை பொய்த்துவிடாதா என்பது கேள்வி. பொய்க்கவில்லை. எம்.எக்ஸ்-5-இன் முதல் வண்டிகளுக்கு இப்போது முப்பத்தைந்து வயதுக்கு மேல் ஆகிறது. சக்கர வளைவுகளில் துரு ஏறியிருக்கிறது. உரிமையாளர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அதைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார்கள், மிகுந்த மகிழ்ச்சியோடு.

இனி எஞ்சியிருப்பது நீர்க்கலை 996. இருபது ஆண்டு தீண்டப்படாமல் கிடந்த அதன் விலை அண்மைக் காலத்தில் ஏறத் தொடங்கியிருக்கிறது. ஆஃபாயில் விளக்கில் ஒரு தனி அழகு இருப்பதாகக் காற்றுக்கலையார் சிலரே சொல்லக் கேட்கிறது. அதன் முதல் வண்டிகள் 1997-இல் பிறந்தவை. உருவம் குலையாதிருந்தால், 2027-இல் அவற்றுக்கும் ஜெர்மனியில் ‘எச்’ பலகை கிடைக்கும்.