படம் உண்டு, பாதை இல்லை
எக்ஸ்எம்எல் ஆவணத்தில் ‘படங்கள்/முத்திரை.பிஎன்ஜி’ என எழுதப்படும் சார்புப் பாதை, அதாவது போகும் வழியைச் சொல்லிப் புறப்படும் இடத்தைச் சொல்லாத முகவரி, எழுதியவருக்கு மட்டும் தெளிவாக விளங்கும். எக்ஸ்எஸ்எல்-எஃப்ஓ எனும் பக்க வடிவமைப்பு மொழிக்கு உருமாறி, நினைவகம் வழியாக, பிடிஎஃப் உருவாக்கும் மென்பொருளான அப்பாச்சி எஃப்ஓபியிடம் சேரும் ஆவணத்துக்குத் தான் இருந்த கோப்புறையே மறந்துபோகிறது. ஆவணம் தன் அடிப்படை முகவரியை, அதாவது புறப்படும் இடத்தை, சொல்லாவிட்டால் அதைப் பெற்ற இடமும், அதுவும் தெரியாவிட்டால் மென்பொருளின் விருப்பமுமே செல்லும் என 2005-இல் வெளியான, இணைய முகவரிகளுக்கான தரநிலையான ஆர்எஃப்சி 3986 வகுத்துள்ளது. படம் கிடைக்காதபோது எஃப்ஓபி, எவரும் படிக்காத பதிவுக் கோப்பில் ஒரு பிழைவரியை எழுதி வைத்துவிட்டு, முத்திரையற்ற பிடிஎஃபை மிகுந்த கடமையுணர்வுடன் முடித்துத் தருகிறது. நிரலரின் கணினியிலோ, நிரல் பெரும்பாலும் அதே கோப்புறையிலிருந்து ஓடுவதால், எல்லாம் சரியாகவே தெரிகிறது. அடிப்படை முகவரியை நிரலிலேயே கொடுத்துவிடுவது ஒரே வரி வேலை; அந்த வரி பெரும்பாலும் வாடிக்கையாளரின் புகாருக்குப் பிறகே எழுதப்படுகிறது.