கேள்வி உங்களுடையது, கோடு என்னுடையது!

கும்பகோணத்தில் கவின்கலை படிக்கும் இறுதியாண்டு ஓவியப் பிரிவு மாணவி, வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

நாலு வருஷம் காலேஜில் உட்கார்ந்து படிக்கிற அளவுக்குப் படம் வரைவதில் என்ன இருக்கிறது?
மளிகைக் கடைக்காரர், மன்னார்குடி

பார்க்கப் படிக்கிறோம். சொம்பின் வாய் வட்டம் என்று நினைத்துக்கொண்டுதான் எல்லோரும் முதல் வருஷம் வருகிறோம். கண் மட்டத்துக்குக் கீழே வைத்த சொம்பின் வாய் நீள்வட்டமாகத்தான் தெரியும். கண் மட்டத்துக்கே தூக்கி வைத்தால் வெறும் கோடு. கண்ணுக்குத் தெரிவதை விட்டுவிட்டு மனசுக்குத் தெரிந்ததை வரைகிற பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. அதை விட்டொழிக்கவே முதல் வருஷம் சரியாகப் போய்விடும். வண்ணம், உடற்கூறு, கலை வரலாறு எல்லாம் அதற்கு மேல்தான். உங்கள் கடைத் தராசுத் தட்டைக் கொஞ்சம் குனிந்தும் நிமிர்ந்தும் பாருங்கள், நான் சொல்வது உடனே விளங்கும்.

எனக்கு நேர்கோடே வராது. ஓவியம் கற்றுக்கொள்ள முடியுமா?
கல்லூரி மாணவர், அரியலூர்

நேர்கோட்டுக்கு ஸ்கேல் கடையில் கிடைக்கிறது. யானையின் முதுகுக்குக் கிடைக்காது, அதற்கு உங்கள் கைதான் வேண்டும். தாராளமாக வாருங்கள்.

மகள் கவின்கலைதான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அது சோறு போடுமா?
ஒரு தகப்பனார், பட்டுக்கோட்டை

ஐயா, இந்தக் கவலை புதிதில்லை. 1960-களில் சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கருக்கும் இதே கவலைதான். படித்து முடித்த பிள்ளைகள் பிழைப்புக்காக வேறு வேலைக்குப் போனால் வரைவது நின்றுபோகிறதே என்று யோசித்தார். அவரும் மாணவர்களும் சேர்ந்து ‘பாட்டிக்’ என்னும் மெழுகுச்சாயத் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். அந்தப் பணம் கொண்டு ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார்கள். கைத்தொழில் வயிற்றைப் பார்த்துக்கொண்டது, மிச்ச நேரம் ஓவியத்துக்கு. அந்தக் கிராமம் இன்றைக்கும் இருக்கிறது. மகளை ஒருநாள் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

இப்போது வழிகள் அதிகம். சினிமாவில் கலை இயக்கம், அனிமேஷன், துணி வடிவமைப்பு, புத்தக அட்டை, பள்ளியில் ஓவிய ஆசிரியர் வேலை. தோட்டா தரணியும் டிராட்ஸ்கி மருதுவும் சென்னைக் கல்லூரியில் படித்து வந்தவர்கள்தான். ஆனால் முடித்த கையோடு நல்ல சம்பளம் வந்துவிடும் என்று உங்களிடம் நான் பொய் சொல்ல மாட்டேன். யாரும் பாராட்டாத நாளிலும் மகள் வரைகிறாளா என்று மட்டும் கவனியுங்கள். வரைகிறாள் என்றால் சேர்த்துவிடுங்கள். தடுத்தாலும் அவள் வரையத்தான் போகிறாள், படித்துவிட்டு வரையட்டுமே.

உங்கள் வீட்டில் என்ன சொன்னார்கள்?
மகளிர் கல்லூரி மாணவி, நாகப்பட்டினம்

முதலில் பயந்தார்கள். இப்போது விருந்தாளி யார் வந்தாலும் காபிக்கு முன்னால் என் ஸ்கெட்ச் நோட்டுதான் வருகிறது.

பார்த்ததிலேயே உங்களைக் கட்டிப்போட்டது எது?
வங்கி ஊழியர், தஞ்சாவூர்

உங்கள் ஊரிலேயே இருக்கிறது. அரண்மனைக் கலைக்கூடத்தில் உள்ள திருவெண்காட்டு ரிஷபவாகன தேவர். ராஜராஜன் காலத்துச் செப்புத் திருமேனி, ஆண்டு 1011. மண்ணுக்கடியில் கிடந்து வெளிவந்தவர். சடையையே தலைப்பாகையாகச் சுற்றிக் கட்டிக்கொண்டு, ஒரு காலை ஊன்றி மறுகாலைக் குறுக்கே போட்டு, ஒயிலாக நிற்கிறார். ஒரு கை மடங்கிக் காளையின் மேல் சாய்ந்திருக்கிறது. காளைதான் இல்லை!

அவரை வரைய உட்கார்ந்தால் அந்தக் கைதான் பாடாய்ப்படுத்தும். உருவத்தை மட்டும் பார்த்து வரைந்தால் கை அந்தரத்தில் தொங்குவதாக வந்து நிற்கும். எங்கள் ஆசிரியர் ஒரு வழி சொன்னார்: “கையை விடும்மா, கைக்குக் கீழே இருக்கிற காலி இடத்தை வரை.” கைக்கும் இடுப்புக்கும் நடுவே இருக்கும் வெற்றிடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு போனால் ஒவ்வொன்றாகத் துலங்குகிறது. விரல்கள் எவ்வளவு தளர்ந்து கிடக்கின்றன, மணிக்கட்டு எங்கே தன் பாரத்தை இறக்கி வைக்கிறது, அதற்காகத் தோள் எவ்வளவு இடங்கொடுக்கிறது என்று தெரிய வருகிறது. கடைசியில், காளையின் திமில் இந்த உயரத்தில்தான் இருந்திருக்கும் என்று தாளில் புள்ளியே வைத்துவிடலாம். காளை போய்விட்டது, அதன்மேல் சாய்ந்த சுகம் மட்டும் அந்தக் கையிலேயே தங்கிவிட்டது. பழைய பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். இன்னும் பார்க்கவில்லை என்றால் இந்த வாரமே போங்கள்.

போட்டோவைப் பார்த்து வரைவது தப்பா?
பிளஸ் டூ மாணவி, ஆரணி

தப்பில்லை, ஆனால் அது மட்டும் போதாது. தாராசுரத்தில் தேர் மண்டபத்துச் சக்கரத்தை வரைய உட்கார்ந்தால், காலையில் ஆரக்காலுக்குப் பக்கத்தில் கிடந்த நிழல் பத்து மணிக்கு அங்கே இருக்காது. எதைப் பிடிப்பது, எதை விடுவது என்று நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவுதான் ஓவியம். கேமரா அந்த முடிவை உங்களைக் கேட்காமலே எடுத்துவிடுகிறது.

அவுட்டோர் போய் வரையும்போது கூட்டம் சேர்ந்து தொந்தரவு செய்யாதா?
இல்லத்தரசி, மயிலாடுதுறை

கூட்டம் சேரும். தொந்தரவு என்று சொல்ல எனக்கு மனசு வராது. அதே தாராசுரத்தில் யானைக்கும் காளைக்கும் ஒரே தலையாகச் செதுக்கிய சிற்பம் ஒன்று உண்டு. ஒரு பக்கத்து உடலைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. அதை வரைந்துகொண்டிருந்தபோது, வாசலில் அகல் விளக்கு விற்கிற பாட்டி ஒருவர் பின்னால் வந்து நெடுநேரம் நின்றார். நான் தலையை முடித்துவிட்டுக் கண்ணுக்கு வரும்போது, “கண்ணக் கடைசியா வையி தாயி. ரெண்டு உசுருக்கும் அது ஒண்ணுதான” என்றார். அந்தச் சிற்பத்தின் சூட்சுமமே அதுதான். யானைக்கென்று வைத்தால் காளை செத்துவிடும், காளைக்கென்று வைத்தால் யானை செத்துவிடும். கலை வரலாற்று வகுப்பில்கூட இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஒரு ஓவியம் முடிந்துவிட்டது என்பது எப்படித் தெரியும்?
தையல்கலைஞர், பண்ருட்டி

இன்னொரு கோடு போட்டால் கெட்டுப்போகும் என்று தோன்றும் அந்த நொடியில். அப்போது நல்ல சிநேகிதி யாராவது பக்கத்தில் இருந்து பிரஷைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும்.

நவீன ஓவியம் ஒன்றுமே புரிவதில்லை. புரிந்த மாதிரி தலையாட்டித்தான் ஆகவேண்டுமா?
தமிழாசிரியர், திருவாரூர்

வேண்டவே வேண்டாம் ஐயா. தலையாட்டாமல் இன்னும் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள், போதும். முன்பு சொன்ன பணிக்கரையே எடுத்துக்கொள்வோம். 1963 வாக்கில் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற வரிசையைத் தொடங்கினார். மலையாள எழுத்தின் சாயலில் வரிவரியாக ஏதோ எழுதியிருக்கும், ஜாதகக் கட்டம் இருக்கும், கணக்குக் குறிகள் இருக்கும். படிக்கப் போனால் ஒரு வார்த்தைகூடச் சிக்காது. படிப்பதற்காக எழுதியதே இல்லை. பாட்டி பெட்டியிலிருந்து எடுக்கிற பழைய ஜாதக நோட்டு, எழுத்துத் தெரியாத குழந்தைக்கு எப்படித் தெரியும்? கட்டங்கள், நுனியில் மஞ்சள் கறை, பெரியவர்கள் அதைத் தொடுகிற பக்குவம். ஏதோ பெரிய சங்கதி உள்ளே இருக்கிறது என்பது மட்டும் குழந்தைக்கு நிச்சயம். அந்தக் குழந்தையின் இடத்தில் நம்மை நிறுத்துகிறார் பணிக்கர்.

இதனால் நவீன ஓவியம் எல்லாமே நல்ல ஓவியம் என்று ஆகிவிடாது. கண்காட்சிக்குப் போனால் பாதிக்கு மேல் எனக்கும் பிடிப்பதில்லை. பிடிக்காததற்குக் காரணம் சொல்லிப் பழகுங்கள்: நிறம் ஒன்றையொன்று அடித்துக்கொள்கிறதா, இடம் வீணாகிறதா, கோடு தடுமாறுகிறதா? காரணம் சொல்லத் தொடங்கிவிட்டாலே நீங்கள் நல்ல ரசிகர்.

லைஃப் ஸ்டடி வகுப்பில் ஆடையில்லாமல் ஆட்களை உட்காரவைத்து வரைவீர்களாமே, கூச்சமாக இருக்காதா?
பெயர், ஊர் வேண்டாம் என்றவர்

அது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். நான் பார்த்தவரை உட்காருகிறவர்கள் வேட்டி கட்டிய தாத்தாக்களும் புடவை கட்டிய அம்மாக்களும்தான். ஆடையில்லாத உடலை வரைவதும் உலகமெங்கும் கலைப் பாடத்தில் உண்டு, அதில் மறைக்க ஒன்றுமில்லை. வகுப்பு தொடங்கிய சற்று நேரத்தில் கண் தேடுவதெல்லாம் காறை எலும்பு தோளில் எங்கே சேர்கிறது, உடலின் பாரம் எந்தக் காலில் இறங்குகிறது என்பதைத்தான்.

நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி வேறு. அரைமணி நேரம் அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். முதலில் கழுத்து வலிக்கும், அப்புறம் முட்டி, கடைசியில் பாதம் மரத்துப்போகும். இடைவேளைக்கு எழுந்து போகிறவர் திரும்பி வந்து அதே இடத்தில் அமர வேண்டும் என்பதற்காக, பலகையில் பாதத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டு வைப்போம். டீ குடித்துவிட்டு வந்த அம்மா, வெடித்த குதிகாலை அந்தக் கோட்டுக்குள் மெல்லப் பொருத்தி வைப்பதை ஒருமுறை பார்த்தால் உங்களுக்கே இந்தக் கேள்வி மறந்துபோகும். அது உழைப்பு. எந்தக் கலைக்கல்லூரியானாலும் அவர்களுக்கு இதைவிட நல்ல கூலி தர வேண்டும். அவர்கள் சம்மதித்தால், கண்காட்சியில் வரைந்தவர் பெயரோடு அமர்ந்தவர் பெயரையும் எழுத வேண்டும்.

ஏஐ ஒரு நொடியில் படம் போட்டுத் தருகிறது. இனி ஓவியர் எதற்கு?
ஐ.டி. ஊழியர், சென்னை

படம் அதனிடம் கிடைக்கும். ஆனால் ஒரு தூணை நாள் முழுக்க உட்கார்ந்து வரைந்தவருக்கு அந்தத் தூண் ஆயுசுக்கும் மறக்காது. அந்த நாளை எனக்குப் பதிலாக வேறு யாரும் உட்கார்ந்து தர முடியாது.

ஓவிய மாணவிக்குச் சுவாமிமலைப் பட்டறையில் என்ன வேலை?
ஓய்வுபெற்ற பொறியாளர், கோவை

பொறியாளரான உங்களுக்கே அங்கே ஒருநாள் போதாது! சிற்பி முதலில் தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்து அளவு குறிக்கிறார். பிறகு தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் உருவம் பிடிக்கிறார். அதன்மேல் காவிரி வண்டல் மண் பூச்சு, நிழலில் காய்ந்ததும் மறுபடி பூச்சு. சூடேற்றினால் மெழுகு ஓடிவிடும், அது இருந்த இடத்தில் உலோகம் இறங்கும். ஆறியதும் மண் அச்சை உடைத்தாக வேண்டும், அதனால் ஒரு அச்சுக்கு ஒரே சிலைதான்.

நான் அங்கே பார்த்துக்கொண்டே இருப்பது மெழுகு வேலையைத்தான். ஒரு சின்னத் துண்டை அனலில் காட்டி, விரல்நுனியில் உருட்டி, மூக்கு வைப்பார்கள். சரியில்லை என்றால் கிள்ளி எடுத்துவிட்டு வேறு உருட்டுவார்கள். வைக்கும்போதும் தயக்கமில்லை, எடுக்கும்போதும் வருத்தமில்லை. போட்ட கோட்டை அழிக்க மனசு வராத எங்களைப் போன்றவர்கள் வாரம் ஒருமுறை போய்ப் பார்க்கவேண்டிய காட்சி அது.

பத்திரிகைக்குப் படம் போடுவதைக் காலேஜ்காரர்கள் மட்டமாக நினைப்பீர்களாமே?
நெடுநாள் வாசகர், ஸ்ரீரங்கம்

நினைப்பவர்கள் இருக்கலாம், நான் அந்தக் கட்சி இல்லை. 1950-ல் ‘கல்கி’யில் ‘பொன்னியின் செல்வன்’ தொடங்கியபோது வந்தியத்தேவனுக்கு முகம் கொடுத்தவர் மணியம். கோயில் கோயிலாக உட்கார்ந்து வரைந்து, சிற்பங்களை ‘ஆனந்த விகடன்’ வழியாக நம் வீட்டுக் கூடத்துக்கே கொண்டுவந்தவர் சில்பி. சிற்றிதழ்களின் அட்டைகளுக்கெல்லாம் புது மிடுக்கு வந்தது ஆதிமூலத்தின் கோட்டினால்தான். கும்பகோணத்தில் படித்த ஓவியர் இளையராஜாவின் படங்களைப் போட்டோ என்றே நினைத்தவர்கள் ஏராளம். நம் ஊர்ப் பெண்களின் மாநிறத்தை இவ்வளவு மரியாதையோடு வரைந்தவர்கள் குறைவு. 2021-ல் கொரோனா அவரைக் கொண்டுபோய்விட்டது. இவர்கள் படம் வந்த பக்கங்களைக் கத்தரித்து வைத்திருக்கும் வீடுகள்தான் எனக்குத் தெரிந்த முதல் ஆர்ட் கேலரி.

எனக்கு வரையவே வராது. மியூசியத்துக்குப் போனால் எப்படிப் பார்ப்பது?
செவிலியர், திருச்சி

எல்லாவற்றையும் பார்க்காதீர்கள் அக்கா. ஒன்றே ஒன்றின் முன்னால் நில்லுங்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனால் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரைத் தேடிப் போங்கள். கைகளை எண்ணுங்கள். சிவன் பக்கம் இரண்டு, உமை பக்கம் ஒன்று, மொத்தம் மூன்று. எண்ணிப் பார்க்கிறவரை கண்ணுக்கு அது உறுத்தவே உறுத்தாது. ஏன் உறுத்தவில்லை? இடுப்பு எந்தப் பக்கம் ஒதுங்குகிறது, இரண்டு தோளும் ஒரே அகலமா என்று பார்த்துக்கொண்டே, ஒரு சின்ன நோட்டில் பென்சிலால் வெளிக்கோட்டை மட்டும் இழுத்துப் பாருங்கள். படம் நன்றாக வரவேண்டிய அவசியமே இல்லை, யாருக்கும் காட்டவும் வேண்டாம். கோடு போடும்போது கண் எங்கெல்லாம் போய் நின்றதோ அவ்வளவும் உங்களுக்கு லாபம். டியூட்டி இல்லாத நாளாகப் பார்த்துப் போய்வாருங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்கு அங்கே வார விடுமுறை.