தஞ்சாவூர் மாத்திரை

தஞ்சாவூர் உலகத்துக்குக் கொடுத்தவை என்று யாரைக் கேட்டாலும் பெரிய கோயில், வீணை, தலையாட்டி பொம்மை என்று அடுக்குவார்கள். விடுபட்டுப் போன சரக்கு ஒன்று உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்தியக் கும்பினி சர்ஜன்களின் மருந்துப் பெட்டியில் இடம் பிடித்து, ஆங்கிலப் புத்தகங்களில் அச்சேறி, கடல் கடந்தும் பேர் வாங்கிய சரக்கு. அதன் பெயர் ‘தஞ்சாவூர் மாத்திரை’. பாம்பு கடித்தவருக்கு உடனே கொடுக்க வேண்டிய முதலுதவி என்று பேர். உள்ளே இருந்த முக்கியமான சாமான் வெள்ளைப் பாஷாணம், அதாவது எலிக்கு வைப்பது.

கொஞ்சம் நின்று யோசித்தால் இதில் ஓர் ஒழுங்கு தெரியும். எலி நெல்லுக்கு வந்தது. பாம்பு எலிக்கு வந்தது. மனிதன் பாம்பை மிதித்தான். அவனுக்கு எலிப் பாஷாணத்தைக் கொடுத்தார்கள். கணக்கு நேர்.

காவிரிப் பாசனத்தில் பாம்பு என்பது விருந்தாளி அல்ல, பங்காளி. வரப்பில் எலி வளை, வாய்க்கால் கரையில் நண்டு வளை, களத்தில் வைக்கோல் போர்: மூன்றுக்கும் அவரே சொந்தக்காரர். தண்ணீர் திறந்துவிட்டால் வளைக்குள் வெள்ளம் புக, வரப்பு மேல் ஏறுவார். அறுப்பின்போது கதிர்க்கட்டுக்குள் இருப்பார். ராத்திரியில் அவர் பெயரைச் சொல்லக்கூடாது என்று ‘பூச்சி’ என்பார்கள். பெயரைச் சொன்னால் வருவார் என்ற பயம். சொல்லாவிட்டாலும் வந்துகொண்டுதான் இருந்தார். கடி வாங்கியது யார் என்று கேட்க வேண்டியதில்லை. திண்ணையில் உட்கார்ந்து மகசூல் கணக்குப் பார்த்தவர் அல்ல, வெறுங்காலோடு சேற்றில் இறங்கியவர்.

கடித்த பிறகு களத்துமேட்டில் என்ன பேசியிருப்பார்கள் என்பதை யாரும் ஏட்டில் எழுதி வைக்கவில்லை. டெல்டாவில் பிறந்தவருக்கு ஏடு தேவையும் இல்லை.

“மொளகை வாயில போடு. ஒறைக்குதா?”

“ஒறைக்குது சித்தப்பா.”

“அப்ப வெஷம் ஏறல.”

“காலு வீங்குது சித்தப்பா.”

“அது வீங்கும். நீ வேப்பிலையத் தின்னு. கசந்தா சொல்லு.”

“கசக்குது.”

“அப்ப ஒண்ணும் இல்லடா. ஓடிப்போய் மந்திரிக்கிறவரக் கூட்டிக்கிட்டு வாங்க, பாடம் போடட்டும்.”

இப்படியாகச் சமையலறைச் சாமான்கள் முழுவதையும் ருசி பார்க்க வைத்து ஒரு மணி நேரம் கழியும். அதற்கு மேலும் ஆள் தள்ளாடினால் மாத்திரை வரும்.

மாத்திரையின் கூட்டைப் பார்த்தால் செய்தவருக்கு மனோதைரியம் அதிகம் என்று புரியும். பாஷாணம், பாதரசம், விஷ வேர்கள், நேர்வாளக் கொட்டை, மிளகு. இந்தக் கூட்டத்தில் மிளகு ஒன்றுதான் குடும்பத்துக்கு ஆகும் சாமான். நேர்வாளம் கடுமையாகப் பேதியாக்கும் மருந்து. பாஷாணம் வாந்திக்கும் பேதிக்கும் இரட்டை உத்தரவாதம். மாத்திரை விழுங்கிய சற்று நேரத்தில் நோயாளி இரண்டு வழியாகவும் பதில் சொல்லத் தொடங்குவார். சுற்றி நிற்பவர்கள், “பாரு, வெஷம் இறங்குது” என்பார்கள். கண்ணெதிரே ஏதோ நடக்கிறது. வைத்தியத்துக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது.

ஆள் பிழைத்தும் விடுவார், பல நேரம். வயலில் கடிப்பவற்றில் பெரும்பாலானவை விஷமில்லாத தண்ணீர்ப்பாம்பும் சாரையும்தான். விஷப்பாம்பும்கூடச் சில கடிகளில் விஷத்தை இறக்காமல் வெறும் பல்லை மட்டும் பதித்துவிட்டுப் போகும். அப்படிக் கடிபட்டவர் பாம்பால் சாகப் போவதில்லை. பாஷாணத்தையும் தாங்கிவிட்டார் என்றால் மாத்திரைக்கு வெற்றி. தாங்கவில்லை என்றால் பாம்புக்குக் கெட்ட பெயர். இரண்டு பக்கமும் மாத்திரைக்கு நஷ்டமில்லாத வியாபாரம்.

1780களின் இறுதியில் சென்னை அரசாங்கமே இதன் செய்முறையை ஊரறிய வெளியிட்டது. வெள்ளைக்காரர் நம் ஊர்ப் பொருளை மதித்த அபூர்வமான தருணம். பருத்தியையும் நெல்லையும் அள்ளியதோடு நிற்காமல் பாஷாணத்தையும் பாராட்டினார்கள்.

இந்த இடத்தில் பேட்ரிக் ரஸ்ஸல் வருகிறார். ஸ்காட்லாந்துக்காரர்; சிரியாவின் அலெப்போ நகரில் பிளேக்கை எதிர்கொண்டுவிட்டு, ஐம்பது வயதுக்கு மேல் விசாகப்பட்டினம் வந்து சேர்ந்தவர். அப்போது கும்பினிக்குத் தாவரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கோனிக். அவரும் நம் பக்கத்து ஆள்தான்: தரங்கம்பாடி டேனிஷ் மிஷனுக்கு டாக்டராக 1768-இல் வந்தவர். கோனிக் 1785-இல் வயிற்றுக்கடுப்பில் போய்ச் சேர, நாற்காலி ரஸ்ஸலுக்கு வந்தது. செடிகொடிகளைப் பார்க்கச் சொன்னார்கள், இவர் பாம்பைப் பார்த்தார். எது விஷமுள்ளது, எது இல்லாதது என்று ஜனங்களுக்குத் தெரிந்தாலே பாதி உயிர்கள் மிஞ்சும் என்பது அவர் எண்ணம். தஞ்சாவூர் மாத்திரையையும் வரவழைத்துச் சோதித்தார். பாஷாணம்தான் அதன் உயிர்நாடி என்று கண்டு சொன்னார். நாய்களையும் கோழிகளையும் பாம்புக்குக் கடிக்கக் கொடுத்து, எத்தனை நிமிஷத்தில் கால் தளர்ந்தது, எப்போது மூச்சு நின்றது என்று பொறுமையாகக் குறித்தார். அந்த நாய்களின் அபிப்பிராயம் பதிவாகவில்லை.

1796-இல் சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றி அவருடைய பெரிய புத்தகம் வண்ணப் படங்களோடு வந்தது. அடுத்த வருஷமே கண்ணாடி விரியனின் லத்தீன் பெயரில் அவர் பெயர் ஏறிவிட்டது. மருந்து தேடியவருக்கு விஷத்தின் பெயரைச் சூட்டுவது விஞ்ஞானத்தில் மரியாதை. நம் ஊரில் யாராவது செய்திருந்தால் பங்காளிச் சண்டை.

மாத்திரையின் புகழ் அங்கேயும் நிற்கவில்லை. 1810களில் மேற்கிந்தியத் தீவுகளில் செயின்ட் லூசியாவில் இருந்த ஒரு ராணுவ சர்ஜன் பாம்புக்கடிக்குப் பாஷாணக் கரைசலைக் கொடுத்துப் பார்த்தார்; அது லண்டன் மருத்துவ ஏட்டில் கட்டுரையாக வந்தது. நம் ஊர்ச் சரக்கின் வாசனை அட்லாண்டிக்கைத் தாண்டிவிட்டது.

இதையெல்லாம் படித்து நம்மவர் மூடநம்பிக்கை என்று சிரிக்கக் கிளம்புபவர்கள் அதே காலத்து ஐரோப்பாவை ஒருமுறை எட்டிப் பார்க்கலாம். ஆம்ஸ்டர்டாமில் 1767-இல் நீரில் மூழ்கியவர்களைக் காப்பாற்ற ஒரு சங்கம் தொடங்கினார்கள். லண்டனில் 1774-இல் அதேபோல் இன்னொன்று. மெத்தப் படித்த கனவான்கள், நல்ல நோக்கம். முறை மட்டும் கொஞ்சம் விசேஷம்: ஆற்றிலிருந்து தூக்கிய ஆளைக் குப்புறப் போட்டு, துருத்தியால் அவர் ஆசனவாய்க்குள் புகையிலைப் புகையை ஊதுவது. அதற்கான கருவிகளைத் தேம்ஸ் நதிக் கரையில் ஆங்காங்கே வைத்திருந்தார்கள். காவிரிக் கரையில் கால் வழுக்கி விழுந்தவருக்கு இப்படி ஒரு வசதி கிடைக்கவில்லை என்பதை நம் முன்னோர் செய்த புண்ணியக் கணக்கில் வைக்கலாம். 1811-இல் பெஞ்சமின் பிராடி என்ற சர்ஜன், புகையிலையின் சாரம் இதயத்தையே நிறுத்திவிடும் என்று விலங்குகளில் சோதித்துக் காட்டிய பிறகு புகை மெல்ல அடங்கியது.

இவ்வளவு கூத்துக்கும் நடுவில் ஒரு நல்ல விஷயம் இருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தச் சங்கத்தார் வாயோடு வாய் வைத்து ஊதுவதையும் சொல்லியிருந்தார்கள். பின்னால் வந்த கனவான்களுக்கு அது அநாகரிகமாகப் பட்டது. புகையைப் பின்பக்கம் ஊதுவது கௌரவம், மூச்சை முன்பக்கம் ஊதுவது அசிங்கம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாம்புக்கடிக்கு அம்மோனியா வந்தது, பிராந்தி வந்தது. பிராந்தி வைத்தியத்தில் நோயாளி மகிழ்ச்சியாகச் செத்தார் என்பதைத் தவிர முன்னேற்றம் இல்லை. கல்கத்தாவில் ஜோசஃப் ஃபேரர் என்ற டாக்டர் கைக்குக் கிடைத்த மருந்தையெல்லாம் சோதித்து, 1872-இல் ஒரு பிரம்மாண்டமான புத்தகம் போட்டார். சாரம்: எதுவும் வேலை செய்யவில்லை. பிறகு லண்டனில் லாடர் பிரண்டன் என்பவரோடு சேர்ந்து செய்த சோதனையில்தான் சங்கதி பிடிபட்டது. நல்லபாம்பின் விஷம் மூச்சுவிடும் தசைகளைக் கட்டிப்போடுகிறது. இதயம் அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் துடிக்கிறது. அந்த நேரத்தில் துருத்தியால் காற்றை ஊதிக்கொண்டே இருந்தால், செத்திருக்க வேண்டிய பிராணி மணிக்கணக்கில் இதயத் துடிப்போடு கிடக்கிறது.

நூறு வருஷமாக வாய்க்குள் போட என்ன இருக்கிறது என்று எல்லோரும் தேடிக்கொண்டிருந்தார்கள். போட வேண்டியது காற்று.

கட்டுவிரியன் விஷயத்தில் இது இன்னும் கொடுமை. அவர் ராத்திரியில், பாயில் படுத்திருப்பவரைக் கடிப்பவர். வலி பெரிதாக இருக்காது; பல் பட்ட தடம்கூடச் சிலருக்குத் தெரியாது. விடியும் முன் வயிற்றுவலி என்பார், கண் இமை தொங்கும். “தூங்க விடாதே, தூங்க விடாதே” என்று சுற்றி நின்று கன்னத்தில் அறைவார்கள். அவர் தூங்கவில்லை. இமையைத் தூக்கும் தசை செயலிழந்து கிடக்கிறது. எல்லாம் முடங்கிய பிறகும் காது கேட்கும். சுற்றி நின்று அழுவதும், யாருக்கு எத்தனை மா நிலம் என்று பேசுவதும் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். மூச்சை மட்டும் யாராவது பார்த்துக்கொண்டால், சில நாளில் எழுந்து உட்கார்ந்து பேசியவர்களுக்கெல்லாம் பதில் சொல்லக்கூடியவர் அவர்.

இதே நிலையை மருந்தால் உண்டாக்கிக் காட்டியவர் பீட்டர் சஃபார். 1950களில், பால்டிமோரில், தாமாக முன்வந்த மனிதர்களை மயக்கி, தசைகளை முடக்கும் மருந்தைச் செலுத்தி, மூச்சு நின்றதும் சாதாரண ஜனங்களை அழைத்து வாயோடு வாய் வைத்து ஊதச் சொன்னார். ஊதினார்கள், நெஞ்சு உயர்ந்தது. நம் ஊரில் கட்டுவிரியன் இலவசமாகச் செய்துகொண்டிருந்ததை அவர் ஊசியால் செய்தார். 1960-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் கூவன்ஹோவன் குழு, நெஞ்சின் நடுவில் அழுத்தியே ரத்தத்தை ஓட வைக்கலாம் என்று எழுதியது. இரண்டும் சேர்ந்து சி.பி.ஆர். ஆனது. மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தால் மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் இரண்டு கையையும் வைத்து, ஐந்து சென்டிமீட்டர் ஆழம், நிமிஷத்துக்கு 100 முதல் 120 வரை. முப்பது அழுத்தலுக்கு இரண்டு ஊதல். காலப்பிரமாணம் தவறினால் முகம் சுளிக்கும் தஞ்சாவூர்க்காரர்களுக்கு இது பெரிய வித்தையே அல்ல.

தரங்கம்பாடியை இங்கே மறுபடி இழுக்க வேண்டியிருக்கிறது. டென்மார்க்காரர்கள் 1620-இல் வந்து கோட்டை கட்டி, 1845-இல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு இங்கிலீஷ்காரரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். இருநூற்றிருபத்தைந்து வருஷம் அவர்கள் இருந்ததில் கட்டுவிரியனுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. போன பிறகுதான் உபகாரம் தொடங்கியது. 1952-இல் கோபன்ஹேகனில் போலியோ பரவி நோயாளிகளுக்கு மூச்சுத் தசைகள் முடங்கியபோது, இப்சன் என்ற டாக்டர் தொண்டையில் குழாய் வைத்து, மருத்துவ மாணவர்களை முறை போட்டு உட்கார வைத்து, ராப்பகலாகக் கையால் பையை அழுத்தச் சொன்னார். 1956-இல் அதே டென்மார்க்கில் ரூபன், ஹெஸ்ஸே என்ற இருவர் தானாக உப்பிக்கொள்ளும் பையைக் கொண்டுவந்தார்கள். அதுதான் இன்று அவசர சிகிச்சைப் பிரிவுகளில் தொங்கும் ஆம்பு பை. வென்டிலேட்டர் கிடைக்கும் வரை கட்டுவிரியன் கடிபட்டவரை உயிரோடு வைத்திருப்பது அதுவும் அதை அழுத்தும் கையும்தான். கோட்டையைவிட உருப்படியான சாமான்.

விஷமுறிவு மருந்தும் இன்னொரு நெல் நாட்டிலிருந்துதான் கிளம்பியது. மெக்காங் டெல்டாவில் வெள்ளம் வந்து நல்லபாம்புகள் ஊருக்குள் புகுந்து ஜனங்களைக் கடித்தபோது, சைகோனில் இருந்த கால்மெட் என்ற பிரெஞ்சு டாக்டர் வேலையைத் தொடங்கி, 1890களின் நடுவில் விஷமுறிவு சீரம் செய்தார். குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷம் ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து எடுப்பது. இன்று நமக்கு அந்த விஷத்தைக் கறந்து தருபவர்கள் 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தார். அந்தச் சமூகத்தின் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. கும்பினியார் மாத்திரைக்குக் கொடுத்த மரியாதை இவர்களுக்கு வர இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய ஒன்றாக அறிவித்தது. பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, ரத்த ஓட்டம் நிற்கும்படி கயிற்றால் இறுக்குவது எல்லாம் இன்னும் சினிமாவில் நன்றாக எடுபடுகின்றன. வயலில் எடுபடுவதில்லை. கடிபட்ட கை காலை அசைக்காமல் சிம்பு வைத்துக் கட்டி, மோதிரம் மெட்டியைக் கழற்றி, 108-ஐக் கூப்பிட வேண்டியது. ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் ஊர் என்றால் நேபாளத்துத் தராய்ச் சமவெளிக்காரர்கள் ஒரு வழி காட்டியிருக்கிறார்கள். அதுவும் நெல் விளையும் பூமி. கடிபட்டவரை மோட்டார் சைக்கிளில் ஓட்டுபவருக்கும் பின்னால் பிடித்துக்கொள்பவருக்கும் நடுவில் உட்கார வைத்து நேரே ஆஸ்பத்திரி. அங்கே சாவு குறைந்தது. ஒரே வண்டியில் மூன்று பேர் போவதற்கு நம் பிள்ளைகளுக்குப் பயிற்சி வகுப்பு வேண்டியதில்லை.

பாம்பை மட்டும் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். அடித்துப் பையில் போட்டுக்கொண்டும், அடிக்காமலே சாக்கில் கட்டிக்கொண்டும் வந்து, “இதுதாங்கய்யா கடிச்சுது” என்று டாக்டர் மேஜைமேல் வைக்கிற வழக்கம் இன்னும் போகவில்லை. ரத்தம் உறைகிறதா என்று கண்ணாடிக் குழாயில் இருபது நிமிஷம் வைத்துப் பார்ப்பார்கள், இமை தொங்குகிறதா என்று பார்ப்பார்கள். அதை வைத்தே மருந்து தொடங்கிவிடலாம். எட்ட நின்று செல்போனில் ஒரு படம் எடுக்க முடிந்தால் எடுத்துக்கொள்ளலாம். பாம்புக்கு ஓ.பி. சீட்டு போட மாட்டார்கள்.